புயலும் வீடும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஐம்பூதங்களுள் கண்ணுக்குத் தோன்றாமல் மெய்க்கு மட்டும் புலப்படுவது காற்று. மாலை வேளையில் வாசலில் அமர்ந்திருப்போருக்கு இதம் தருவதும் அதுவே. ஓர் இரவில் கூரையைப் பெயர்த்து அடுத்த தெருவில் போடுவதும் அதுவே. வங்கக் கடலை ஒட்டி வாழும் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் மழை தரும் மாதங்கள் மட்டுமல்ல, புயல் தரும் மாதங்களும் ஆகும்.

புயலைப் பற்றிப் பாடநூல்களில் நாம் படித்திருக்கிறோம். அவற்றில் காணும் படங்கள் யாவும் மேலிருந்து பார்த்து வரையப்பட்டவை. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டங்கள், கரையை நோக்கி ஓர் அம்புக்குறி. ஆனால் அந்த அம்புக்குறியின் முனையில் ஒரு வீடு இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் இருப்பவருக்குப் புயல் எவ்வாறு தோன்றும், அவர் அறிந்திருக்க வேண்டிய அறிவியல் எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் வகையும்

அட்லாண்டிக் கடலில் தோன்றினால் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக் கடலில் தோன்றினால் டைபூன், நம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தோன்றினால் சைக்ளோன் என்று பெயர்கள் வேறுபட்டாலும் பொருள் ஒன்றேயாகும். சைக்ளோன் என்னும் சொல் நம் நாட்டிலேயே பிறந்தது என்பதைப் பலர் அறியார். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர், 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய கையேட்டில் இச்சொல்லை வழங்கினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அவர் இதை அமைத்தார். சுருண்டு கிடக்கும் பாம்பையும் புயலின் துணைக்கோள் படத்தையும் ஒருசேர நினைத்துப் பார்த்தால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தைக் கொண்டு புயலை வகைப்படுத்துகிறது. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை வீசினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால் புயல். 89-ஐ எட்டினால் கடும் புயல். 118-ஐ எட்டினால் மிகக் கடும் புயல். இந்த எண்களுக்குள்ளே மறைந்திருக்கும் விசையைப் பின்னர்க் காண்போம்.

புயல் பிறக்கும் விதம்

புயல் என்பது ஒரு வெப்ப எந்திரம் எனலாம். அதன் எரிபொருள் கடல்நீர். கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி, அவ்வெப்பம் போதிய ஆழம் வரை பரவியிருக்கும்போது நீர் மிகுதியாக ஆவியாகிறது. ஈரமான காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிறது. அவ்வாறு மாறும்போது ஒவ்வொரு கிராம் நீராவியும் சுமார் 580 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பம் சுற்றியுள்ள காற்றை மேலும் சூடாக்கி மேலே தள்ளுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப நாற்புறமிருந்தும் காற்று விரைகிறது.

இதன் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு சதுர கி.மீ. பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் அந்நீரின் நிறை பத்துக் கோடி கிலோகிராம் ஆகும். அந்த நீர் ஆவியிலிருந்து நீராக மாறியபோது வெளிவந்த வெப்பம், மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஆறே முக்கால் கோடி யூனிட். இது ஒரே ஒரு சதுர கி.மீட்டருக்கு! புயலோ பல்லாயிரம் சதுர கி.மீ. பரப்பில் மழையைக் கொட்டுகிறது. இவ்வெப்பத்தில் மிகச் சிறு பங்கே காற்றின் இயக்க ஆற்றலாக மாறுகிறது. அந்தச் சிறு பங்குதான் நம் கூரைகளைத் தூக்குகிறது.

விரைந்து வரும் காற்று நேரே மையத்தை அடைவதில்லை. புவி தன்னைத்தானே சுற்றுவதால், வட அரைக்கோளத்தில் இயங்கும் காற்று தன் பாதைக்கு வலப்புறமாக விலகுகிறது. இதனை கொரியாலிஸ் விளைவு என்பர். நாற்புறமிருந்தும் வரும் காற்று இவ்வாறு விலகுவதால், மையத்தைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுழல் உண்டாகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இவ்விளைவு மிகக் குறைவாதலால் அங்கே புயல்கள் தோன்றுவது அரிது.

புயல் கரையேறியதும் எரிபொருள் நின்றுவிடுகிறது. கீழே சூடான கடல் இல்லை. மரமும் மேடும் வீடும் காற்றைத் தடுத்து உராய்கின்றன. எனவே அது தளர்கிறது. கரையோரத்து ஊர்கள்தாம் அதன் முழு வலிமையையும் ஏற்கின்றன.

கண்ணும் காற்றின் திசையும்

முதிர்ந்த புயலின் நடுவே, பொதுவாக 20 முதல் 60 கி.மீ. வரை விட்டமுள்ள ஓர் அமைதியான பகுதி உண்டு. இதுவே புயலின் கண். கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவரில்தான் காற்று மிகக் கொடியது. கண்ணுக்குள் காற்று ஓய்ந்திருக்கும். சில வேளைகளில் விண்மீன்கள்கூடத் தெரியும்.

வீட்டுக்குள் இருப்பவர் புயலின் மையம் எங்கே இருக்கிறது என்று அறிய முடியுமா? முடியும். ஹாலந்து நாட்டு வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் ஓர் எளிய விதியைக் கூறினார். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், குறைந்த அழுத்தம் நம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்பதே அவ்விதி. வடக்கிலிருந்து காற்று வீசுகிறது என்று கொள்வோம். முதுகைக் காட்டினால் நாம் தெற்கு நோக்கி நிற்போம். இடக்கைப் பக்கம் கிழக்கு. ஆகவே மையம் கிழக்கே கடலில் இருக்கிறது.

நம் கரையைக் கடக்கும் புயல்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக நகர்கின்றன. எனவே மூன்று நிலைகள் உண்டு. காற்று வடக்கிலிருந்து கிழக்காகத் திரும்பிப் பின் தெற்காக மாறினால், மையம் நம் ஊருக்குத் தெற்கே கடக்கிறது. வடக்கிலிருந்து மேற்காகத் திரும்பிப் பின் தெற்காக மாறினால், மையம் நமக்கு வடக்கே கடக்கிறது. எப்பக்கமும் திரும்பாமல் வடக்கிலிருந்தே வலுத்துக்கொண்டு வந்து திடீரென நின்றுவிட்டால், மையம் நம் தலைக்கு மேலேயே வந்துவிட்டது என்று பொருள். அடுத்து வரப்போவது தெற்கிலிருந்து வீசும் காற்று.

எவ்வளவு நேரத்தில் வரும்? கண்ணின் விட்டம் 20 கி.மீ., புயல் நகரும் வேகம் மணிக்கு 20 கி.மீ. எனக் கொண்டால், பாதையின் நடுவே உள்ள ஊருக்கு ஒரு மணி நேரம் அமைதி கிடைக்கும். பாதையிலிருந்து 8 கி.மீ. விலகியுள்ள ஊருக்குக் கண்ணின் குறுக்கே செல்லும் நாண் 12 கி.மீ. மட்டுமே; எனவே 36 நிமிடம். ஓரத்தில் உள்ள ஊருக்குச் சில நிமிடங்களே. தாம் கண்ணின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பது வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே அந்த அமைதியை நம்பி வெளியே செல்வது தகாது.

நம் கடலோர மக்கள் பைஸ் பாலட்டின் பெயரைக் கேட்டவர்கள் அல்லர். ஆயினும் வடக்குக் காற்றை வாடை என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், தெற்குக் காற்றைச் சோழகம் என்றும், மேற்குக் காற்றைக் கச்சான் என்றும் பெயரிட்டு அவற்றின் வரிசையை அறிந்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டின்மேல் காற்றின் விசை

காற்று ஒரு சுவரின்மேல் மோதும்போது உண்டாகும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கி.கி. எனக் கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 60 நியூட்டன். 72 கி.மீ. வேகத்தில் 240. 108 கி.மீ. வேகத்தில் 540. 144 கி.மீ. வேகத்தில் 960. வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்காகிறது.

இதை நம் வீட்டுக் கதவுக்குப் பொருத்திப் பார்ப்போம். இரண்டு மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள கதவின்மேல் 36 கி.மீ. காற்று சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். அதை ஒரு சிறுவன் தாங்குவான். 144 கி.மீ. காற்றோ ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். நான்கு பேர் முதுகைக் கொடுத்தாலும் கதவு நிற்குமா என்பது ஐயமே.

கூரைக்கு நேர்வது வேறு. காற்று கூரையின் மேல் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் அழுத்தம் மிகுதியாக உள்ளது. எனவே கூரை கீழ்நோக்கி அமுக்கப்படுவதில்லை, மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. இந்நிலையில் காற்று வரும் பக்கத்துக் கதவு உடைந்து திறந்துகொண்டால், உள்ளே புகும் காற்றும் சேர்ந்து கூரையை மேலே தள்ளும். கதவு போனபின் கூரையும் போவதற்குக் காரணம் இதுவே.

"காற்று போக வழி விடவேண்டும், பின்பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள்" என்று பெரியவர்கள் சிலர் கூறுவதுண்டு. காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்தில் திறப்பு இருந்தால் உள்ளழுத்தம் ஓரளவு குறையும் என்பது உண்மையே. ஆனால் கண் கடந்தபின் காற்றின் திசை தலைகீழாகிவிடும். அதுவரை பின்பக்கமாக இருந்ததே காற்று மோதும் முகமாக மாறிவிடும். அவ்வேளையில் எழுந்து சென்று சன்னலை அடைக்க எவராலும் இயலாது. ஆகவே எல்லாவற்றையும் அடைத்துத் தாழிட்டு, காற்று நேரே மோதாத உள்ளறையில் இருப்பதே முறை.

இருப்பதா, வெளியேறுவதா?

புயலில் காற்றைவிட மிகுதியாக உயிர் பறிப்பது நீரே. மையத்தில் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரும். 30 மில்லிபார் குறைந்தால் 30 செ.மீ. இது சிறிதுதான். ஆனால் காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளுவதால் உண்டாகும் ஏற்றம் பல மீட்டர் வரை செல்லக்கூடும். கடல் ஆழம் குறைந்த இடங்களில் அது மேலும் மிகும். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடி நகரையும், அங்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் அழித்தது இத்தகைய கடல் ஏற்றமே. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியில் ஏறத்தாழப் பதினாயிரம் மக்களைக் கொண்டுபோனதும் இதுவே.

எனவே வீட்டில் இருப்பதா வெளியேறுவதா என்பதை வீரத்தைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. மூன்று கேள்விகளைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். வீடு கடல்நீர் ஏறும் தாழ்வான இடத்தில் உள்ளதா? சுவர் மண்ணா, செங்கல்லா? கூரை கீற்றா, ஓடா, கான்கிரீட்டா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை பாதகமாக இருந்தால் பாதுகாப்பு மையத்துக்கோ உறுதியான அண்டை வீட்டுக்கோ பொழுது சாய்வதற்கு முன்பே சென்றுவிட வேண்டும்.

இதற்கு நேரம் தருவது எச்சரிக்கை. 1864-இல் கல்கத்தாவை அழித்த புயலும் அதையடுத்து வந்த பஞ்சமும் ஏற்படுத்திய தேவையால் 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. இன்று துணைக்கோள்களும் காரைக்கால், சென்னை முதலிய இடங்களில் உள்ள ராடார்களும் புயலைக் கண்காணிக்கின்றன. கரை கடப்பதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரே முதல் கட்டச் செய்தியும், 48 மணி நேரத்துக்கு முன் இரண்டாம் கட்ட எச்சரிக்கையும், 24 மணி நேரத்துக்கு முன் மூன்றாம் கட்ட எச்சரிக்கையும் வெளியிடப்படுகின்றன.

இதன் பயனை ஒடிசா மாநிலம் உலகுக்குக் காட்டியது. 1999 அக்டோபர் 29 அன்று அங்கே வீசிய பெரும் புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் என்னும் கொடும் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது, சுமார் பத்து லட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இடையில் காற்றின் தன்மை மாறிவிடவில்லை. செய்தி வீடுவரை சென்று சேர்ந்தது, வீடும் செவிசாய்த்தது.

கஜா வந்த இரவு

மேற்கூறிய செய்திகளை நான் இக்கல்லூரிக்கு வந்தபின் படித்து அறிந்தேன். ஆனால் அவற்றின் செய்முறை வகுப்பு எனக்கு 2018-ஆம் ஆண்டிலேயே நடந்துவிட்டது. அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சிற்றூர் வேதாரணியத்துக்கு வடக்கே கடலோரத்தில் உள்ளது.

நவம்பர் 11 அன்று வங்கக் கடலில் புயலாக வலுப்பெற்ற அதற்குக் கஜா என்று பெயர். இலங்கை நாடு அளித்த பெயர் அது. யானை என்று பொருள். நவம்பர் 15 வியாழக்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ காலையிலிருந்தே தெருக்களில் வந்துகொண்டிருந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அன்று முகாம்களுக்குச் சென்றனர். எங்கள் வீடோ மண்சுவரும் கீற்றுக் கூரையும் கொண்டது. அப்பாயிக்கு நடக்க முடியாது. ஆகவே ஐம்பதடி தள்ளி மணல்மேட்டில் இருந்த சித்தப்பாவின் தொகுப்பு வீட்டுக்கு மாலையிலேயே சென்றுவிட்டோம். கான்கிரீட் கூரை, ஒரே அறை, அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து பதினான்கு பேர்.

அம்மா இரண்டு குடம் குடிநீர், ஒரு சட்டி சோறு, ஊறுகாய், டார்ச் விளக்கு ஆகியவற்றைக் கொண்டுவந்தார். குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், என் பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அரிசிப் பானைக்குள் புதைத்து, பானையின் வாயைத் துணியால் இறுகக் கட்டியிருந்தார். அப்பா பசுவை அவிழ்த்து விட்டுவிட்டார். கன்று சிறிதாதலால் ஓடிவிடும் என்று கொட்டகையிலேயே கட்டியிருந்தார்.

இரவு பத்து மணிக்குமேல் வாடை வலுத்தது. மின்சாரம் முன்னரே நின்றிருந்தது. கைப்பேசியும் சிறிது நேரத்தில் செயலிழந்தது. வடக்குப் பக்கக் கதவுக்கு நெல் மூட்டையையும் அம்மிக்கல்லையும் முட்டுக்கொடுத்து, அப்பாவும் சித்தப்பாவும் முதுகைச் சாய்த்து அமர்ந்திருந்தார்கள். காற்றின் ஓசையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. தென்னைகள் முறியும் ஓசை மட்டும் இடையிடையே கேட்டது. சின்னஞ்சிறு பிள்ளைகள் அழுது அழுது ஓய்ந்துவிட்டன.

நள்ளிரவுக்குப்பின் ஒரு கட்டத்தில் அவ்வளவும் நின்றது. அந்த அமைதியில் எங்கள் காதுகள் இரைந்தன. அப்போது கன்று கத்தும் ஒலி தெளிவாகக் கேட்டது. அப்பா எழுந்து தாழ்ப்பாளில் கைவைத்தார்.

"கன்னு கத்துதும்மா. அஞ்சே நிமிசம், அவுத்துவிட்டுட்டு வந்துடுறேன்" என்றார்.

அப்பாயி கதவோரத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கத்தட்டும்டா. இது பாதிக் காத்துதான். வாடை ஓஞ்சிருக்கு, சோழகம் இன்னும் வரலே. ஒன் மாமன் இப்படித்தான் போனான்."

அப்பாயி பிறந்த ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ளது. 1977 நவம்பர் 12 அன்று நாகையைத் தாக்கிய புயலில், காற்று ஓய்ந்துவிட்டதென்று மாட்டை அவிழ்க்கச் சென்ற அவருடைய தம்பி திரும்பி வரவில்லை. அந்தக் கதையை நாங்கள் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறோம். ஆனால் அது எதற்காகச் சொல்லப்பட்டது என்பது அன்றுதான் விளங்கியது. அப்பா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். பின் ஒன்றும் பேசாமல் முட்டுக்கொடுத்திருந்த மூட்டையையும் அம்மியையும் தெற்குப் பக்கச் சன்னலுக்கு நகர்த்தினார். சித்தப்பாவும் உதவினார்.

அரைமணி நேரம் ஆகியிருக்கலாம். தெற்கிலிருந்து காற்று வந்தது. முதற் காற்றைப்போல அது சிறிது சிறிதாக வலுக்கவில்லை. வரும்போதே முழு வேகத்தோடு வந்தது. இரண்டு வீடுகளுக்கும் இடையே நின்ற வேப்பமரம் அப்போதுதான் சாய்ந்தது. கொட்டகைக்குச் செல்லும் வழி அதன் அடியில்தான் இருந்தது.

புயலின் மையம் 16-ஆம் நாள் அதிகாலை 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையே நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவில் கரை கடந்தது என்று பின்னர் அறிந்தோம். காற்று மணிக்கு 120 கி.மீட்டருக்கு மேல் வீசியிருந்தது.

மறுநாளும் அதன் பின்னும்

விடிந்தபின் தோப்பைப் பார்த்தபோது ஒரு செய்தியைக் கண்டேன். விழுந்த தென்னைகளுள் சில தெற்கே தலைவைத்துக் கிடந்தன. மற்றவை வடக்கே தலைவைத்துக் கிடந்தன. பல இடங்களில் தெற்கே விழுந்தவற்றின் மேல் வடக்கே விழுந்தவை கிடந்தன. முதலில் வாடை, பின்னர்ச் சோழகம் என்ற வரிசையை மரங்களே எழுதிவைத்திருந்தன. முதற் காற்று வேரை அசைத்துத் தளர்த்தியது. மழை மண்ணை இளக்கியது. இரண்டாங் காற்று எதிர்ப்புறமிருந்து தள்ளியது. அசைத்து அசைத்து முளையைப் பிடுங்குவது போன்றதே இது. கூரையின் ஆணிகளுக்கும் இவ்வாறே நேர்கிறது. கண்ணுக்குப் பின் வரும் காற்று அதிக சேதம் விளைவிப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

கன்று இறந்து கிடந்தது. அப்பா எங்களோடு இருந்தார். பசு மூன்றாம் நாள் தானாகவே வந்து சேர்ந்தது.

கஜாவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேதாரணியம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் அழிந்தன. உப்பளங்கள் சேற்றில் மூழ்கின. கோடியக்கரைச் சரணாலயத்தின் மான்கள் மடிந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சிதைந்தது. எங்கள் ஊருக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

என் தந்தை பிறர் தோப்புகளில் மரமேறித் தேங்காய் பறிப்பவர். அவர் வழக்கமாக ஏறும் தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெட்டை இனத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். தோப்புக்காரருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் உண்டு. மரமேறுபவருக்கு மரம் ஏது? அப்பா நான்கு ஆண்டுகள் திருப்பூரில் வேலை பார்த்தார். அரிசிப் பானைக்குள் இருந்த சான்றுகள் நனையவில்லை. அவற்றைக் கொண்டே இக்கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். புயலின் சேதத்தை ஓர் இரவின் கணக்காக எழுதுவது போதாது, அது ஆண்டுகளின் கணக்கு என்பதைக் காட்டவே இதனைக் கூறினேன்.

வீட்டில் செய்யத்தக்கவை

கற்றதையும் கண்டதையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. எச்சரிக்கை வந்ததும் வீட்டின் நாற்றிசையையும், எப்பக்கம் எந்தக் கதவும் சன்னலும் உள்ளன என்பதையும் வீட்டார் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும். முட்டுக்கொடுக்கும் பொருள்கள் இருபுறத்துக்கும் வேண்டும்.

2. குடும்ப அட்டை, சான்றுகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் கட்டி வைக்க வேண்டும். குடிநீரை முன்னரே நிரப்பிக்கொள்ள வேண்டும். மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று தெருவுக்கு ஒன்றாவது இருத்தல் நலம்.

3. கால்நடைகளைக் கன்றுகள் உட்பட மாலையிலேயே அவிழ்த்துவிட வேண்டும். இரவில் அவற்றைத் தேடிச் செல்லும் தேவை ஏற்படலாகாது.

4. காற்று திடீரென ஓய்ந்தால் கதவைத் திறக்கலாகாது. காற்று எதிர்த்திசையிலிருந்து வீசி, படிப்படியாகத் தணிந்து, பொழுதும் விடிந்தபின்னரே வெளியே வரவேண்டும்.

5. விடிந்தபின் அறுந்து கிடக்கும் கம்பிகளைத் தொடலாகாது. குடிநீரைக் காய்ச்சியே பருக வேண்டும். சாய்ந்த கீற்றுகளுக்குள் பாம்புகள் ஒதுங்கியிருக்கும் என்பதை மறத்தல் கூடாது.

முடிவுரை

கடலின் வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில் புயல்கள் குறுகிய நேரத்தில் வலுப்பெறும் வாய்ப்பு மிகுந்து வருகிறது என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். வானிலைத் துறை இயன்றதைச் செய்கிறது. ஆனால் புயல் எங்கே கரை கடக்கும் என்று சொல்வதோடு அதன் பணி நிற்கிறது. கதவைத் திறக்கலாமா என்று கேட்கும் நேரத்தில் கைப்பேசியும் மின்சாரமும் இரா. அப்போது வீட்டுக்குள் இருக்கும் அறிவு எதுவோ அதுவே துணை.

அந்த அறிவு சில வீடுகளில் முதியோரிடம் இருக்கிறது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறைந்துவிடும். நம் கல்லூரியில் கடலோர ஊர்களிலிருந்து வரும் மாணவ மாணவியர் பலர் உள்ளனர். ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பெரியவர்களிடம், அவர்கள் கண்ட புயல்களில் காற்று எத்திசையில் தொடங்கிற்று, எப்போது ஓய்ந்தது, பின்னர் எத்திசையில் வந்தது என்று கேட்டு எழுதிவந்தால், வானிலைத் துறை வெளியிட்டுள்ள புயற் பாதைகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இயற்பியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இணைந்து, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடுகள் கீற்றுக் கூரையின, அவற்றுக்கு அருகே உறுதியான கூரை எங்கே உள்ளது என்பதை ஐப்பசிக்கு முன்பே கணக்கெடுத்து, தெருவாரியாக ஒரு வரைபடம் தயாரிக்கலாம். இதற்கு நிதி மிகுதியாக வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் திசைகாட்டும் கருவி ஒன்றும் போதும். எங்கள் ஊருக்கான பட்டியலை நான் தொடங்கிவிட்டேன். இதுவரை இருபத்திரண்டு வீடுகள் எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்களுக்கு நண்பர்கள் முன்வருவார்களாக.